கிறித்தவக் கல்லூரியும் சேலையூர்க் காடும்

(தாம்பரத்தில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் என் தகுதிக்கு மீறிய சொற்களைச் சொல்லி என்னைக் கூச்சப்பட வைத்த வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, வார்டு வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன் பேசி நேரத்தைச் சிக்கனமாகக் கையாண்ட பேராசிரியப் பெருமக்களே, கல்லூரியின் பழைய மாணவர்களே, இன்றைய மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மாமன்ற உறுப்பினர் அரை மணி நேரத்தில் வேறொரு நிகழ்ச்சிக்குப் புறப்பட வேண்டும் என்று செயலாளர் என் காதில் சொன்னார். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லி முடிக்கும்வரையில் அவர் எழுந்துவிடக் கூடாது என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வரலாறும் வளாகமும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கல்லூரி தோன்றிய கதை, அது தாம்பரத்துக்கு வந்த கதை, அதன் விடுதி வாழ்க்கை என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் பேச்சை முன்பே கேட்டவர்களுக்குத் தெரியும், எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் நான் ஒரு பழமொழியில் போய் நிற்பேன். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது அது. ஆறுதலுக்குச் சொன்ன அந்தப் பழமொழியை, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்கு உரிய சாக்காக நாம் மாற்றிவிட்டோம். வைத்தவன் காலம் முடிந்து போய்விட்டால் யார் ஊற்றுவது என்று நாம் கேட்பதே இல்லை.

முதலில் தோற்றத்தைப் பார்ப்போம். ஸ்காட்லாந்து திருச்சபையின் குருமார்கள் எழும்பூரில் தொடங்கிய சிறு பள்ளியை, 1837-இல் இங்கு வந்த ஜான் ஆண்டர்சன் என்ற இளம் மிஷனரி ஏற்றுக்கொண்டு, ஆர்மேனியன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் 59 மாணவர்களுடன் நடத்தத் தொடங்கினார். இன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் ஆண்டர்சன் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள்; அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இந்தக் கல்வி நிலையம் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இயங்கியது. பள்ளியைக் கல்லூரியாக்கியவர் 1862-இல் வந்து சேர்ந்த வில்லியம் மில்லர். 1865-இல் கல்லூரி வகுப்பு தொடங்கியது; வெவ்வேறு திருச்சபைகள் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டபின், 1877 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்ற பெயர் நிலைத்தது. 1907 வரை மில்லரே முதல்வராக இருந்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணன் தத்துவம் பயின்றது இந்தக் கல்லூரியில்தான் என்பதை இந்த அவைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மில்லரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் போனால் தலைமையாசிரியை அம்மையார் என்னை மன்னிக்க மாட்டார். மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-இல் பிறந்த வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் இங்கே படித்து, 1892-இல் தத்துவம், தமிழ் ஆகிய இரண்டிலும் முதன்மையாகத் தேறினார். அவரைத் தத்துவத் துறையில் அமர்த்த மில்லர் விரும்பினார். அன்றைய நிலையில் தமிழாசிரியர் என்றால் மதிப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. இருந்தும் அந்த இளைஞர் தமிழ்தான் சொல்லிக்கொடுப்பேன் என்று தமிழ்த் துறைக்கே போனார். வடமொழிப் பெயரைத் தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் என்று வைத்துக்கொண்டவர் அவரே.

மில்லருக்கு ஆங்கிலக் கவிதை என்றால் உயிர். ஒருநாள் பரிதிமாற் கலைஞரோடு பேசிக்கொண்டிருக்கையில் டென்னிசனின் வரிகளைச் சொல்லி, கரையை விட்டுக் கிளம்பும் படகை நீரில் மிதக்கும் அன்னத்தோடு கவிஞர் ஒப்பிட்டிருக்கும் நயத்தை வியந்தாராம். துடுப்புகள் இருபுறமும் அசைவதைச் சிறகசைவாகக் காட்டி விளக்கினாராம். விளக்கிவிட்டு, இப்படி ஓர் உவமை உங்கள் தமிழில் உண்டா என்று கேட்டாராம். ஒரு முதல்வர், அதுவும் வெள்ளைக்காரர், அதுவும் மில்லர் கேட்கிறார். பக்கத்தில் இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பரிதிமாற் கலைஞர் தயங்கவே இல்லை. குகனின் ஓடத்தை எடுத்துக்கொண்டார். இராமன் 'விடு நனி கடிது' என்கிறான். குகன் நெடுநாவாயை விரைந்து செலுத்துகிறான். அது எப்படிப் போனது? 'கடிதினின் மட அன்னக் கதிஅது செல' என்கிறார் கம்பர். படகு அன்னத்தின் நடையில் போகிறது, கரையில் நின்ற மறையோர் நெருப்பில் பட்ட மெழுகாகிறார்கள். பாட்டைச் சொல்லி முடித்துவிட்டு, கம்பர் டென்னிசனுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவர் என்பதையும் பணிவோடு சேர்த்துக்கொண்டாராம். மில்லர் முகம் சுளிக்கவில்லை, மகிழ்ந்தார். (இந்த இடத்தில் அவையில் எழுந்த கைதட்டலுக்குக் கம்பரே உரியவர்.) தன்னை மடக்கிய ஆசிரியரைக் கொண்டாடத் தெரிந்த முதல்வர் இருந்ததால்தான் அந்தக் கல்லூரியில் தமிழ் வேர்பிடித்தது. 1902-இல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கும் முயற்சி வந்தபோது, அங்கே ஆங்கிலம் கற்பித்த எம்.எஸ். பூரணலிங்கம் பிள்ளையும் பரிதிமாற் கலைஞரும் சேர்ந்து எதிர்த்து நின்றார்கள். அடுத்த ஆண்டே, முப்பத்து மூன்று வயதில், காசநோய் பரிதிமாற் கலைஞரைக் கொண்டுபோயிற்று. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று அன்று யாராவது சும்மா இருந்திருந்தால், தமிழைச் செம்மொழி என்று அந்த இளைஞர் எழுப்பிய குரல் அவரோடு போயிருக்கும்.

கதையில் நேரம் போய்விட்டது, தாம்பரத்துக்கு வருகிறேன். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் இந்த ஊர் நகரத்தார் கண்ணுக்குத் தொலைதூரம். ஜார்ஜ் டவுனின் நெரிசலில் இடம் போதாமல் திணறிய கல்லூரிக்குச் சேலையூர்க் காப்புக்காட்டில் அரசு நிலம் கொடுத்தது. சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷேட்டி வரைந்த வரைபடங்களின்படி, வெயிலையும் காற்றையும் கணக்கில் கொண்டு, நீண்ட தாழ்வாரங்களும் முற்றங்களுமாகக் கட்டடங்கள் எழுந்தன. ஏ.ஜி. ஹாக் முதல்வராக இருந்த காலத்தில், ஆண்டர்சன் தொடங்கிய நூறாவது ஆண்டில், 1937 ஜனவரி 30 அன்று ஆளுநர் எர்ஸ்கின் பிரபு புதிய வளாகத்தைத் திறந்து வைத்தார். செயின்ட் தாமஸ், சேலையூர், பிஷப் ஹீபர் என்ற மூன்று விடுதிகளுக்கும் தனித்தனி மரபும் தனித்தனிச் செருக்கும் உண்டு. இங்கே மூன்று விடுதிகளின் பழைய மாணவர்களும் அமர்ந்திருப்பதால், எது சிறந்தது என்ற வழக்குக்குள் நான் நுழையப் போவதில்லை.

அன்று அந்த இடம் களாவும் காரையும் சூரையும் மண்டிய புதர்க்காடு. கட்டடங்களை எழுப்பியவர்களின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. அந்தக் காட்டைப் பேணியும் மரங்களை நட்டும் வளர்த்தவர்கள் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிஸ் பார்ன்ஸும். வேதியியல்காரருக்குச் செடிகொடியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்து தாவரவியலாரும் மதிக்கும் அறிஞராக வளர்ந்தவர் அவர். இன்று ஏறத்தாழ 365 ஏக்கரில் புள்ளிமான் உலவுகிற ஒரு காடு, ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் நமக்கு இருக்கிறதென்றால், அதற்கு அந்தத் தம்பதியர் ஒரு முக்கியக் காரணம். வேளச்சேரிச் சாலையில் மே மாத வெயிலில் வருகிறவர்கள் வளாகத்தின் மதிலை நெருங்கும்போது காற்று மாறுவதை உணர்ந்திருப்பார்கள். அந்த மண்ணில் இறங்கும் மழைநீர் சுற்றியிருக்கும் தெருக்களின் கிணறுகளுக்கும் உதவுகிறது. ஆகவே அந்தக் காடு கல்லூரிக்கு மட்டும் சொந்தமானதன்று.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், வேறொரு பழைய கல்லூரியில், உங்கள் வளாகத்தில் எத்தனை மரங்கள் என்று கேட்டேன். அலுவலர் மிகுந்த மரியாதையோடு அலமாரியைத் திறந்து ஸ்டாக் ரெஜிஸ்டரை எடுத்து வைத்தார். நாற்காலிக்கு எண், மேசைக்கு எண், பழுதான மின்விசிறிக்கும் எண். மரத்துக்கு ஒரு பக்கம்கூட இல்லை. வெளியே வந்து பார்த்தால், நூறு வயது சொல்லத்தக்க ஒரு புளியமரத்தில் ஆணியடித்து மாட்டிய தகரப் பலகை, 'வாகனம் நிறுத்தும் இடம்' என்றது. ஆணியைச் சுற்றிப் பட்டை வீங்கி, பலகையின் ஓரத்தை மரம் விழுங்கத் தொடங்கியிருந்தது. நாற்காலி ஒன்று தொலைந்தால் தணிக்கையில் கேள்வி வரும். அந்தப் புளியமரத்தை நாளைக்கு வெட்டினால் கேட்க ஒருவரும் இல்லை.

அதனால்தான் ஊர் ஊராகச் சென்று மரப் பதிவேடு, மரப் பதிவேடு என்று சொல்லி வருகிறேன். இதற்குச் செலவு அதிகமில்லை. தையற்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்று, நோட்டு ஒன்று, இருவர் போதும். தரையிலிருந்து நான்கரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளக்க வேண்டும். அந்த உயரத்தில் முடிச்சோ பிளவோ இருந்தால் அதற்குச் சற்றுக் கீழே அளந்து, அதைக் குறித்துவைக்க வேண்டும். மரத்தின் பெயர், நிற்கும் இடம், பொந்து உண்டா, கரையான் உண்டா, எந்த மாதம் பூக்கிறது என்று எழுத வேண்டும். ஆணியடிக்காமல், கயிற்றில் எண்ணைத் தொங்கவிட வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி நூலகத்தில் வைக்க வேண்டும்.

கிறித்தவக் கல்லூரிக்கு எண்ணுவது புதிதன்று. அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, நம் வீட்டு வாசலில் பெண்கள் போடும் கோலத்துக்குக் கணித இலக்கணம் கண்டவர். பிராமி எழுத்தையும் சிந்துவெளிக் குறியீடுகளையும் கணினியின் முன் நிறுத்தியவர். கோலப் புள்ளியையே விடாமல் எண்ணிய மரபில் வந்தவர்களுக்கு மரங்களை எண்ணுவது பெரிய காரியமா? அங்கே தாவரவியலார் ஏற்கெனவே நிறைய எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த அறிவு துறையின் அலமாரியை விட்டு வெளியே வந்து, புதுக் கட்டடத்துக்கு வரைபடம் போடும் மேசையின்மேல் கிடக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். 1978 முதல் தன்னாட்சி பெற்ற கல்லூரி. பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ள முடியும். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் பத்து மரம் என்று ஒதுக்கிக் கொடுத்தால், படிப்பு முடிவதற்குள் பதிவேடு நிறைந்துவிடும்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்து போன மறுநாள் காலை சென்னை எப்படி இருந்தது என்பது இங்கே பலருக்கு நினைவிருக்கும். சாலையெங்கும் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. எது விழுந்தது, எது நின்றது, எந்த வகை நம் காற்றைத் தாங்கும் என்று சொல்லப் பதிவேடு வைத்திருந்த நிறுவனங்கள் எத்தனை? மறுபடி நடும்போது எதை நடுவது என்று எதைப் பார்த்து முடிவுசெய்தோம்? மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று வானத்தைப் பார்த்து, சீக்கிரம் வளர்வதையே மறுபடியும் நட்டுவிட்டு வந்தவர்கள் நம்மில் உண்டு.

மாமன்ற உறுப்பினர் அவர்களே, தாம்பரம் மாநகராட்சியாகி அதிக ஆண்டுகள் ஆகவில்லை. உங்கள் வார்டில் உள்ள பள்ளி, கல்லூரி, அலுவலக வளாகம் ஒவ்வொன்றும் மரப் பதிவேடு வைத்து ஆண்டுதோறும் மன்றத்துக்கு நகல் தரவேண்டும் என்று ஒரு தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் நீங்கள் கொண்டுவர வேண்டும். வாசகத்தை நானே எழுதி எடுத்து வந்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். நீங்கள் புறப்படும்போது செயலாளர் அதை உங்கள் கையில் கொடுப்பார்.

விடுதி வாழ்க்கை என்ற மூன்றாவது பகுதிக்கு நான் போகவில்லை. மணி அடித்தாகிவிட்டது, நன்றியுரை சொல்ல ஒருவர் மேடைப் படியில் நின்றுகொண்டே இருக்கிறார். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு இந்த நூலகத்தின் வளாகத்திலேயே முதல் பதிவேட்டைத் தொடங்குகிறோம். நாடா வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். வணக்கம்.