துப்பாக்கிக்கும் ஜோக்குக்கும் ஒரே டைமிங்தான்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கௌபாய் படத்துல காமெடி எப்படி ஒட்டுதுன்னு கொஞ்ச நேரம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, நானும் குஷியா கிளம்பி வந்துட்டேன், ஆனா இங்க மைக் முன்னாடி உக்காந்தப்புறம்தான் உறைக்குது, நான் சொல்ல நினைச்ச காட்சி முக்கால்வாசி யாரும் வாயே தெறக்காத காட்சி. ரேடியோவுல இதை எப்படிச் சொல்றது? கண்ணை மூடிட்டுக் கேளுங்க, வண்டி ஓட்டிட்டு இருக்கவங்க மட்டும் தயவுசெஞ்சு மூடிராதீங்க.

1925ல பஸ்டர் கீட்டன் 'கோ வெஸ்ட்'னு ஒரு ஊமைப்படம் எடுத்தாரு. கீட்டன் எப்படின்னா படத்துல சிரிக்கவே மாட்டாரு, இடி விழுந்தாலும் அதே மூஞ்சிதான். இதுல வேலை வெட்டி இல்லாம மேற்கே போயி ஒரு மாட்டுப் பண்ணையில சேர்ந்து, பிரவுன் ஐஸ்ங்கற ஒரு பசுமாட்டோட ஃப்ரெண்ட் ஆயிடுவாரு. ஒரு நாள் சீட்டாட்டம், எதிர்ல இருக்கவன் கள்ளாட்டம் ஆடுறான், இவரு கேட்டுடறாரு. அவன் துப்பாக்கியை எடுத்து நீட்டி, அதைச் சொல்லும்போது சிரிச்சுக்கிட்டே சொல்லுங்கறான். அந்தக் காலத்து கௌபாய் கதையில இது பிரபலமான ஒரு மிரட்டல், படம் பாக்க வந்தவங்களுக்கெல்லாம் தெரியும். ஆனா இவருக்குத்தான் சிரிப்பே வராதே! துப்பாக்கி மூக்குக்கு நேரா இருக்கு, மனுசன் யோசிக்கிறாரு, கடைசியில ரெண்டு விரலை எடுத்து உதட்டோட ரெண்டு ஓரத்துலயும் வச்சு மேல தள்ளுறாரு. கண்ணுல சோகம், உதட்டுல மட்டும் சிரிப்பு. துப்பாக்கி வச்சிருக்கவனும் சிரிக்கல, கீட்டனும் சிரிக்கல, தியேட்டர்ல இருக்க நாமதான் விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். கௌபாய் சண்டையை நினைச்சுப் பாருங்க, ரெண்டு பேர் நடுத்தெருவுல நிப்பாங்க, காத்து அடிக்கும், இவன் கண்ணு, அவன் கை, மறுபடி இவன் கண்ணுன்னு காட்டிட்டே இருப்பாங்க, நமக்கு மூச்சு முட்டும், அப்புறம் டுமீல். ஜோக்கும் இதே கணக்குதானே? காக்க வச்சு, காக்க வச்சு, ஒரே அடி. அதனால கௌபாய் படத்துக்குள்ள காமெடியை வெளியிலேர்ந்து கொண்டாந்து வைக்க வேண்டியதில்ல, ஏற்கெனவே உள்ள இருக்கு, கடைசியில டுமீலுக்குப் பதிலா வேற என்ன வரணும்னு மட்டும் யோசிச்சா போதும். நம்ம ஊர்ல ஒரு காலத்துல காமெடி ட்ராக்கைத் தனியா எடுத்து நடுநடுவுல சொருகுனாங்க பாருங்க, அந்த வேலை இதுல செல்லாது.

இதை நல்லாப் புரிஞ்சுக்கிட்டவங்க இத்தாலிக்காரங்கதான். 1960கள்ல அவங்க கௌபாய் படமா எடுத்துத் தள்ளுனாங்க, எல்லாத்துலயும் ரத்தம், பழிவாங்கல். 'ஜாங்கோ'ன்னு 1966ல ஒரு படம், சவப்பெட்டியை இழுத்துட்டே வர்ற ஹீரோ. அதுக்கு கேமரா பிடிச்ச என்சோ பர்போனிதான் 1970ல 'தே கால் மி டிரினிட்டி'ங்கற படத்தை டைரக்ட் பண்ணாரு. முதல் காட்சியே நக்கல்தான். பாலைவனம், குதிரை வருது, மேல ஆளைக் காணோம். குதிரைக்குப் பின்னாடி ரெண்டு கழியைக் கட்டி, நடுவுல தூளி மாதிரி விரிச்சு, அதுல ஹீரோ மல்லாந்து படுத்து தூங்கிட்டே வர்றாரு, உடம்பெல்லாம் புழுதி. அங்க சவப்பெட்டி, இங்க கட்டிலுன்னு வச்சுக்கங்களேன்.

அப்புறம் ஒரு சத்திரத்துக்குள்ள போயி பீன்ஸ் சாப்பிடுவாரு. நம்ம பொரியல் பண்ற பச்சை பீன்ஸ் இல்லைங்க, ராஜ்மா மாதிரி குழைய வேகவச்ச பயறு. தட்டெல்லாம் கிடையாது, இரும்புச்சட்டியோட முன்னாடி இழுத்து வச்சுக்கிட்டு, ரொட்டியைப் பிச்சுப் பிச்சு சட்டியைத் துடைச்சு வழிச்சு முழுங்குறாரு. பக்கத்துல ரெண்டு பொல்லாத ஆளுங்க, ஆள் பிடிச்சுக் குடுத்து காசு வாங்குற கூட்டம், முறைச்சுப் பாக்குறாங்க. இப்ப சண்டை வரும், இப்ப வரும்னு நாம உக்காந்திருக்கோம், இவரு அடுத்த வாய் எடுக்குறாரு. சட்டி காலியானப்புறம், அவங்க பிடிச்சு வச்சிருந்த கைதியைக் கூட்டிக்கிட்டு வெளிய நடக்கறாரு, ஜன்னல் வழியா முதுகுல சுடப் பாக்குறாங்க, இவரு திரும்பிக்கூடப் பாக்காம பின்னால கையை நீட்டி சுட்டுட்டுப் போய்ட்டே இருக்காரு.

நான் இதை முதல்ல பாத்தது சின்ன வயசுல, மாமா வீட்ல வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தப்ப. எங்க அம்மாச்சிக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனா அந்தச் சட்டியைப் பாத்துட்டு "பாவம், எத்தன நாள் பட்டினியோ இந்தப் பய"ன்னாங்க. துப்பாக்கியை அவங்க கண்டுக்கவே இல்ல.

ஹீரோ டெரன்ஸ் ஹில், அண்ணனா வர்ற பட் ஸ்பென்சர், ரெண்டும் அமெரிக்கப் பேரா தெரியும், ஆளுங்க இத்தாலிக்காரங்க. ஒருத்தர் பேரு மாரியோ ஜிரோட்டி, இன்னொருத்தர் கார்லோ பெதர்சோலி. ரெண்டாமவரு நீச்சல் வீரரு, 100 மீட்டரை ஒரு நிமிஷத்துக்குள்ள நீந்துன முதல் இத்தாலிக்காரரு, 1952, 1956 ஒலிம்பிக்ஸ்லயும் கலந்துக்கிட்டவரு. அந்த உடம்போட வந்து உச்சந்தலையில சுத்தியல் மாதிரி ஒரு குத்து விடுவாரு பாருங்க! படத்துல இவரு குதிரைத் திருடன், ஆனா ஷெரீஃப், அதாவது ஊர்ப் போலீஸ் அதிகாரி வேஷத்துல ஒரு ஊர்ல உக்காந்திருக்காரு. கடைசி சண்டை துப்பாக்கி இல்லாமலே நடக்கும், அறையும் குத்தும்தான், ரத்தம் கிடையாது. பசங்களைக் கூட்டிட்டு வீடே வந்து பாக்கலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம், சுத்தி நடக்கறது எல்லாம் சீரியஸா இருக்கணும். 1974ல மெல் ப்ரூக்ஸ் 'பிளேசிங் சேடில்ஸ்' எடுத்தாரு, வெள்ளக்காரங்க ஊருக்கு ஒரு கறுப்பர் ஷெரீஃபா வந்தா என்னாகும்னு, நிறவெறியைக் கிண்டலடிச்ச படம். டைட்டில் பாட்டுக்கு பழைய கௌபாய் படங்கள்ல பாடின ஃப்ராங்கி லேனையே கூப்பிட்டாங்க, ஆனா இது காமெடி படம்னு அவர்கிட்ட சொல்லல. மனுசன் உருகி உருகிப் பாடிட்டுப் போயிட்டாரு. சொல்லியிருந்தா கண்டிப்பா ஒரு நக்கல் குரல் வந்திருக்கும், பாட்டு செத்திருக்கும்.

நம்ம ஊருக்கு வந்தா 1970கள்ல டைரக்டர் கர்ணன் எடுத்த 'கங்கா', 'ஜக்கம்மா' மாதிரி குதிரைப் படங்கள், அப்புறம் இந்த மாதிரி படங்கள்ல ஹீரோவா நடிச்ச ஜெய்சங்கர். 2010ல சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தப்ப ஊருக்கே ஜெய்சங்கர் பேரைத்தான் வச்சாரு. அதுக்கு முந்தின வருஷம் 'குயிக் கன் முருகன்', சைவம் சாப்பிடுற கௌபாய். வேடிக்கை என்னன்னா ரெண்டுலயும் வில்லன் நாசர், ரெண்டுலயும் கொஞ்சம்கூட சிரிக்காம நடிச்சிருப்பாரு, அதான் அவரு நிக்கிறாரு. சிம்புதேவன் படத்துல எனக்கு ஒரே குறை, எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க, அந்தக் காத்து அடிக்கற நேரத்தை விடவே மாட்டேங்கறாங்க. ஆர்ட் டைரக்‌ஷன் அவ்ளோ அழகு, ஒரு நிமிஷம் சும்மா நின்னிருக்கலாம்.

டிரினிட்டி எப்படி முடியும்னு சொல்லிட்டுப் போயிடறேன். ஊரைக் காப்பாத்தியாச்சு, அங்க குடியிருக்க மார்மன்ங்கற மதப் பிரிவுக் கூட்டத்துல ரெண்டு பொண்ணுங்க கட்டிக்க ரெடி, ஹீரோவும் அந்தக் கூட்டத்தோட டிரஸ்ஸை மாட்டிட்டு பவ்யமா நிக்கறாரு. பெரியவரு எழுந்து, நாமெல்லாம் இனி எப்படி உழைக்கணும்னு ஆரம்பிக்கறாரு. வேலைன்னு காதுல விழுந்ததும் ஆள் எஸ்கேப். கொஞ்ச நேரத்துல குதிரை வருது, பின்னாடி அதே தூளி, மேல அதே ஆளு, மல்லாக்க.

வர்றேங்க, வணக்கம்.