ஏட்டைக் காத்தது எழுதிய கை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "நம் பண்பாட்டு நினைவைக் காப்பது தொழில்நுட்பமா, மனிதப் பழக்கமா?" பழக்கமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், "ஓலையைக் கறையான் அரித்தது, இணையக் கிடங்கில் ஏற்றிவிட்டால் கறையானும் இல்லை, கவலையும் இல்லை" என்றார். ஓலையிலிருந்தே தொடங்குகிறேன். பனையோலையை நிழலில் உலர்த்தி, நீரில் வேகவைத்து, மறுபடி உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் எழுத்தாணி பிடித்தார்கள். அத்தனை பாடுபட்டும் நம் வெயிலிலும் ஈரத்திலும் ஓர் ஏடு சில நூறு ஆண்டுதான் தாங்கும். அப்படியானால் சங்கப் பாட்டு எப்படி நம் கைக்கு வந்தது? மூல ஏடு வரவில்லை ஐயா! ஏடு நைவதற்குள் ஒருவர் பார்த்து எழுதினார். அவர் எழுதியதை இன்னொருவர் எழுதினார். அந்தச் சங்கிலி அறுந்த இடத்தில் பாட்டு போயிற்று. புறநானூற்றை 1894இல் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றினார், 267, 268ஆம் பாட்டுகள் இன்றுவரை இல்லை. வளையாபதியில் மிஞ்சியவற்றுள் பெரும்பாலானவை, புறத்திரட்டு என்ற தொகைநூலுக்காக யாரோ எடுத்தெழுதியதால் பிழைத்தவை.

சரி, கணினிக்கு வருவோம். இங்கிலாந்தில் 1086இல் தோலில் எழுதிய டூம்ஸ்டே நிலக்கணக்கை இன்றும் கண்ணால் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டுக்காக 1986இல் பிபிசி லேசர் தட்டுகளில் ஒரு புதிய டூம்ஸ்டே செய்தது. இருபது ஆண்டுகூட ஆகவில்லை. அதைப் படிக்கும் கருவி அரிதாகி, தனி முயற்சி எடுத்து மீட்க வேண்டியதாயிற்று. தட்டு பத்திரமாக இருந்தாலும் படிக்கும் கருவி வேண்டுமே.

நம் வீட்டுக் கதையும் அதுதான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடு வருமுன், பாமினி, திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு எழுத்துருக் குறிமுறையில் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், பாமினியில் அடித்த தமிழ் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். மாற்றி மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அந்த எழுத்துருக்கள் பலவற்றில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னால் பதிவாகும், யூனிகோடில் பின்னால். மாற்றி சறுக்கினால் கொம்பு தனியே வட்டத்தில் தொங்கும். இதைவிட மோசம், ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும் அடித்த இடங்கள். 'கௌரி' என்பது 'கெளரி' ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், தேடினால் அகப்படாது. அதைப் பிடிக்க, தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வரிவரியாக மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும்.

பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்தால் போதாது. யார் பாடியது, எந்த ஊர், எந்த நாள் என்று கோப்பின் பெயரிலேயே எழுத வேண்டும். மூன்று நகல் வேண்டும். இரண்டு வகை ஊடகத்தில், ஒன்றாவது வேறு ஊரில். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து கேட்க வேண்டும். வன்தட்டு பழசானால், அது சத்தம் போடும்வரை காத்திராமல் புதியதற்கு மாற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதை மூலப்படி என்று நினைக்கக் கூடாது, அனுப்பும்போதே சுருக்கிவிடும். இதில் எந்த வேலையைக் கருவி தானாக நினைத்துக்கொண்டு செய்யும்?

தோழர் சொன்ன இணையக் கிடங்குக்கும் இதே கேள்வி. இரண்டு ஆண்டு யாரும் நுழையாத தனிநபர் கணக்கை உள்ளிருப்பதோடு நீக்கலாம் என்று 2023இல் கூகுள் விதி வகுத்தது. தாத்தா ஏற்றி வைத்த படங்கள் அங்கே இருக்கின்றன. அவர் காலமான பிறகு கடவுச்சொல் எந்தப் பேரப்பிள்ளையிடம் இருக்கிறது? எதிரணியினர் அடுத்த சுற்றில் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.