உம் கொட்ட ஓர் ஆள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆரம்பிக்கும்போதே ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். இந்த அறையில் நானும் ஒரு மைக்கும் மட்டும்தான் இருக்கிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். அவர் என்னைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்க்கிறார். நான் பேசுவது உங்கள் காதில் விழுகிறதா, விழுந்தாலும் புரிகிறதா, அல்லது ஏற்கெனவே வேறு நிலையத்துக்குத் திருப்பிவிட்டீர்களா, எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் உம் கொட்டினாலும் இங்கே கேட்காது.

அந்த உம்மைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். தகவல் தொடர்பின் வரலாறு என்று தலைப்பு கொடுத்தார்கள். வழக்கமாக இதைக் களிமண் பலகை, காகிதம், அச்சு, தந்தி, தொலைபேசி, இணையம் என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். யோசித்துப் பார்த்தால் அத்தனையும் சொல்கிறவர் பக்கத்துக் கதை. எப்படித் தூரமாகச் சொல்வது, எப்படி வேகமாகச் சொல்வது, எப்படி நிறையப் பேருக்குச் சொல்வது. கேட்கிறவர் பக்கம் போய் நின்றுகொண்டால் கதை வேறு மாதிரி தெரியும். நான் பல வருடங்கள் இதைப் பாடமாக நடத்தியவன். 'சார் மறுபடியும் உம்முக்கு வந்துட்டார்' என்று கடைசி பெஞ்சில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கதை சொன்னால் உம் கொட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளையின் உம் நின்றுபோனால் கதையும் நின்றுபோகும். இந்த உம் வெறும் மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டில் ஜேனட் பவேலாஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் தனக்கு நேர்ந்த ஏதாவது ஒரு கண்டத்தை, மயிரிழையில் தப்பித்த கதையை, எதிரில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களில் சிலரிடம் மட்டும் ரகசியமாக வேறு வேலை கொடுத்திருந்தார்கள்: அவர் பேசும்போது டி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் வார்த்தைகளை எண்ணிக்கொண்டிருங்கள். அவ்வளவுதான். அவர்களும் கவனமாகத்தான் கேட்டார்கள். ஆனால் கேட்டது கதையை இல்லை, எழுத்தை. 'அடடா' என்று பதற வேண்டிய இடத்தில் பதற முடியவில்லை. என்ன ஆயிற்று தெரியுமா? கதை சொன்னவர்கள் தடுமாறிவிட்டார்கள். அதுவும் சரியாக உச்சக்கட்டத்தில். முடிந்த கதையை மறுபடி முடித்தார்கள், இது ஏன் ஆபத்தான விஷயம் என்று விளக்கம் வேறு சொல்ல ஆரம்பித்தார்கள். சொன்னவருக்கும் நன்றாகச் சொல்லத் தெரியும், கதையும் நல்ல கதைதான். கேட்கிற ஆள்தான் இல்லை.

நான் இன்றைக்குச் சொன்னதையே திரும்பச் சொன்னால் அதற்குக் காரணம் இதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அடுத்த முறை போனில் யாராவது நீளமாகப் பேசும்போது சும்மா இருங்கள். உம், சரி, அப்படியா, எதுவும் வேண்டாம். கொஞ்ச நேரத்திலேயே 'ஹலோ? லைன்ல இருக்கீங்களா?' என்று வந்துவிடும். செல்போன் வடிவமைத்த பொறியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நீங்கள் பேசாத நேரத்தில் உங்கள் போன் பெரும்பாலும் ஒலி அனுப்புவதை நிறுத்திவிடும். பேட்டரியும் மிச்சம், அலைவரிசையும் மிச்சம். ஆனால் எதிர்முனையில் சுத்தமான மௌனம் கேட்டால் அவர் இணைப்பு போய்விட்டது என்று வைத்துவிடுவார். அதனால் அவருடைய போனே ஒரு மெல்லிய இரைச்சலைத் தயாரித்து அவர் காதில் போடுகிறது. அது உங்கள் அறையிலிருந்து வரும் சத்தம் இல்லை, போலி. மௌனத்துக்குப் பொய் உம் கொட்ட ஒரு கருவி.

நாம் பேச்சில் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக்கிடக்கிறோம் என்பதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 2009-இல் உலகத்தின் பல பகுதிகளிலிருந்து பத்து மொழிகளை எடுத்து, ஒருவர் கேள்வி கேட்டு முடித்த பிறகு மற்றவர் பதிலை ஆரம்பிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். மொழிக்கு மொழி கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும், சராசரி சுமார் 200 மில்லி விநாடி. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பொருளின் படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், அந்த ஒற்றை வார்த்தை வாயில் வருவதற்கே 600 மில்லி விநாடி ஆகிவிடும். கணக்கு உதைக்கிறதல்லவா? அப்படியானால் நீங்கள் பேசி முடிக்கும் முன்பே நான் பதிலைத் தயார்செய்ய ஆரம்பித்துவிட்டேன். உங்கள் வாக்கியம் எங்கே போய் முடியும் என்று ஊகித்து, முடியும் இடத்துக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறேன்.

செயற்கைக்கோள் வழியாகப் பேசினால் ஏன் இருவரும் முட்டிக்கொள்கிறோம் என்பது இப்போது புரியும். அந்தச் செயற்கைக்கோள்களில் பல சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. குரல் மேலே போய் இறங்கக் கால் விநாடி, பதில் வரக் கால் விநாடி. அரை விநாடிதானே என்று தோன்றும். ஐந்தில் ஒரு விநாடியில் பதிலை எதிர்பார்க்கிற மூளைக்கு அது பெரிய மௌனம். 'சரி, அவர் பேசவில்லை' என்று நாம் மறுபடி ஆரம்பிப்போம், அதே நேரம் அவர் பதிலும் வந்து விழும். 'நீங்க சொல்லுங்க', 'இல்ல நீங்க சொல்லுங்க' என்று அது ஒரு சுற்று.

இப்போது எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். இது மின்சாரத் தந்திக்கு முந்தைய தந்தி. பிரான்சில் கிளாட் ஷாப் என்பவர் 1790-களில் அமைத்தது. உயரமான இடங்களில் வரிசையாகக் கோபுரங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீண்ட சட்டம், அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு மரக்கைகள். கைகளை மடக்கி நீட்டி விதவிதமான சைகை காட்டலாம். அடுத்த கோபுரத்தில் இருப்பவர் தொலைநோக்கியில் பார்த்து அதே சைகையைத் தன் கோபுரத்தில் காட்டுவார். 1794-இல் பாரிஸிலிருந்து லில் நகரம் வரை முதல் வரிசை செயல்பட ஆரம்பித்தது. பிறகு நாடு முழுவதும் பரவி ஐந்நூறுக்கும் மேற்பட்ட கோபுரங்கள் ஆயின.

இதில் உம் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது. நான் ஒரு சைகையைக் காட்டினால், அடுத்த கோபுரம் அதைச் சரியாகத் திருப்பிக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த சைகைக்குப் போவேன். அவர் கை நீட்டுவதே எனக்கு உம். ஆனால் கவனியுங்கள், நடுவில் இருந்த ஊழியர்களுக்கு அந்தச் சைகைகளின் அர்த்தம் தெரியாது. சங்கேதப் புத்தகம் மேலதிகாரிகளிடம் மட்டும்தான். பார்த்ததை அப்படியே காட்டுவதுதான் வேலை. தப்பாகக் காட்டிவிட்டால், 'முந்தையதை அடித்துவிடு' என்பதற்கென்று ஒரு தனிச் சைகை உண்டு.

போர்தோ நகரத்தில் பிளாங் என்று இரண்டு சகோதரர்கள், பிரான்சுவாவும் ஜோசப்பும். அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி விற்பது தொழில். பாரிஸில் விலை ஏறினாலும் இறங்கினாலும் தபால் வண்டி வழியாகச் செய்தி வந்து சேர நாள்கணக்கில் ஆகும். தந்திக் கோபுரமோ அரசாங்கத்துக்கு மட்டும். இவர்கள் என்ன செய்தார்கள்? பாரிஸிலிருந்து அவர்களுடைய ஆள் தூர் நகரத்துக்கு ஒரு பொட்டலம் அனுப்புவார். உள்ளே கையுறை, காலுறை மாதிரி ஏதாவது சாதாரணத் துணிமணி இருக்கும். என்ன வந்திருக்கிறது என்பதுதான் செய்தி: விலை ஏற்றமா, இறக்கமா. தூரில் இவர்களிடம் காசு வாங்கிய தந்தி ஊழியர் ஒருவர், அதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஓடும் அரசாங்கச் செய்தியில் வேண்டுமென்றே ஒரு குறிப்பிட்ட தவறான சைகையைக் காட்டுவார். உடனே 'அடித்துவிடு' சைகையையும் காட்டுவார். ஏன் தூர்? பாரிஸுக்கும் தூருக்கும் இடையே நுழைந்த பிழைகளைத் தூரில் இருந்த அதிகாரி திருத்திவிடுவார். அதைத் தாண்டிப் போட்ட பிழை போர்தோவரை பத்திரமாகப் போய்ச் சேரும்.

இப்போது அந்தக் கோபுரங்களைக் கற்பனை செய்து பாருங்கள். ஒவ்வொருவரும் தொலைநோக்கியில் பார்க்கிறார். தவறான சைகையை அச்சு அசலாகக் காட்டுகிறார். முந்தைய கோபுரத்தார் சரிபார்த்து, 'சரி, வாங்கிக்கொண்டார்' என்று நிம்மதி அடைகிறார். எல்லாரும் அவரவர் கடமையை ஒழுங்காகச் செய்துதான் திருட்டுச் செய்தியைச் சுமந்தார்கள். போர்தோவில் அதிகாரி பிழையை அடித்துவிட்டு அரசாங்கச் செய்தியை எழுதிக்கொள்வார். அதற்குள் கோபுரம் கண்ணில் படும் இடத்தில் குடியிருந்த பிளாங்குகளின் ஆள் பிழையைக் குறித்துக்கொண்டிருப்பார். 1834-இலிருந்து 1836 வரை இரண்டு வருடம் இது நடந்தது! தூர் ஊழியர் நோயில் படுத்தபோது, தனக்குப் பதில் இந்த வேலையைப் பார்க்கட்டும் என்று இன்னொருவரிடம் சொல்லப்போய்த்தான் குட்டு வெளிப்பட்டது. 1837-இல் வழக்கு. தந்தியைத் தனியார் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே இல்லாததால் சகோதரர்கள் தப்பித்துவிட்டார்கள். அதே வருடம் சட்டம் வந்தது. பிரான்சுவா பிளாங் பிற்பாடு மாண்டி கார்லோவின் சூதாட்ட மாளிகையை நடத்திப் பெரும் பணக்காரர் ஆனார் என்பது உபரிச் செய்தி.

இந்தக் கதை எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், உம்மில் இரண்டு வகை உண்டு என்பதை இது காட்டிக்கொடுத்துவிடுகிறது. 'வந்து சேர்ந்தது' என்ற உம் ஒன்று. 'புரிந்தது' என்ற உம் இன்னொன்று. கோபுரங்களுக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். நம் போனில் வரும் நீல நிற டிக்கும் அந்தக் கோபுர வம்சம்தான். செய்தி திரையில் திறந்தது என்று சொல்லும். மனுஷன் படித்தாரா, படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாரா, அதெல்லாம் அதற்குத் தெரியாது.

இந்த இரண்டும் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடுமையான உதாரணம். 1977 மார்ச் 27, ஸ்பெயினைச் சேர்ந்த டெனரீஃப் தீவின் விமான நிலையம். மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள், ஒன்றுக்கொன்று கண்ணில் படாமல். முதல் விமானத்திலிருந்து, நாங்கள் டேக்-ஆஃபில் இருக்கிறோம் என்ற பொருளில் ஒரு வாசகம் வந்தது. புறப்படக் காத்திருக்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டது. உண்மையில் விமானம் ஓட ஆரம்பித்திருந்தது. கட்டுப்பாட்டாளர் 'ஓகே' என்றார். அதையடுத்து, பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றும் சொன்னார். அதே கணத்தில் இரண்டாவது விமானமும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேசியது. இரண்டு ரேடியோ அலைகளும் மோதியதில் முதல் விமானத்தின் காதில் விழுந்தது அந்த 'ஓகே'யும் ஒரு கீச்சொலியும்தான். 583 பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணங்கள் பல. அந்த ஓகே அவற்றில் ஒன்று. அதன் பிறகு, டேக்-ஆஃப் என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிக்க வேண்டும் என்று விதி வந்தது. முக்கியமான உத்தரவுகளுக்கு 'சரி' போதாது, உத்தரவையே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும் என்பதும் இறுகியது.

ஆக, புரியாதபோது என்ன செய்வது? அதற்கு மனிதர்களிடம் விலைமதிப்பில்லாத ஒரு கருவி இருக்கிறது. 'ஆங்?' நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்க் டிங்கமான்ஸும் சகாக்களும் உலகத்தின் பல மூலைகளிலிருந்து 31 மொழிகளை எடுத்துப் பார்த்தார்கள். சரியாகக் காதில் விழாதபோது கேட்கிற அந்த ஒற்றை ஓசை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. குட்டியாக ஓர் உயிரொலி, கேள்வித் தொனி. அதே குழு பிறகு பன்னிரண்டு மொழிகளின் உரையாடல்களைக் கேட்டபோது, சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்குள் ஒருமுறை யாராவது இப்படிப் பேச்சை நிறுத்திச் சரிபார்ப்பது தெரிந்தது.

அதிலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. 'நாளைக்கு எட்டு மணிக்கு வருகிறேன்' என்று ஒருவர் சொல்கிறார். ஒன்றுமே காதில் விழவில்லை என்றால்தான் 'ஆங்?' என்போம். நேரம் மட்டும் தப்பிப்போனால் 'எத்தனை மணிக்கு?' என்போம். பாதி விழுந்திருந்தால் 'எட்டுக்கா?' எதிராளி திரும்பச் சொல்ல வேண்டிய பாரத்தை முடிந்த அளவு குறைத்துக் கேட்கிறோம். யாரும் நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

1974-இல் வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் எழுதிக்கொடுத்த, இன்றைய இணையத்துக்கு அடிப்படையான ஏற்பாட்டிலும் இதேதான். துண்டு துண்டாக அனுப்பும் செய்தியில் ஒவ்வொரு துண்டுக்கும் 'வந்தது' என்று பதில் வர வேண்டும், வராவிட்டால் மறுபடி அனுப்பு... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் தெரிகிறது. சரி. தகவல் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்ட கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய கட்டுரையை விரிவாகச் சொல்லலாம் என்று குறிப்பெழுதி வந்தேன். முடியாது. தூரத்துக்குச் செய்தி சொல்லும் ஆப்பிரிக்க முரசுகளை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முரசில் 'ஆங்?' கேட்க வழி சுலபமில்லை, தூரம் அப்படி. காங்கோவில் கேலே மொழி பேசுகிறவர்களின் முரசு, சொல்லின் தொனியை மட்டும்தான் அடித்துக் காட்டும். அதிலும் மேல்தொனி, கீழ்த்தொனி இரண்டு மட்டும்தான். அந்த மொழியில் நிலாவுக்கும் கோழிக்கும் ஒரே தொனி. எப்படிப் பிரிப்பது? ஜான் கேரிங்டன் என்பவர் அங்கேயே பல காலம் வாழ்ந்து இதைப் பதிவு செய்தார். நிலா என்று மட்டும் அடிக்க மாட்டார்கள். பூமியைக் குனிந்து பார்க்கும் நிலா என்று அடிப்பார்கள். கோழி என்றால், கியோகியோ என்று கத்துகிற சின்னக் கோழி. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் வால் கட்டியதில், பேச்சைவிட முரசுச் செய்தி சுமார் எட்டு மடங்கு நீண்டுவிடும். கேட்கிறவர் கேட்கப்போகும் சந்தேகத்துக்கெல்லாம் முன்கூட்டியே பதில். வானொலிக்காரர்களும் ஏறக்குறைய...

ஒற்றை விரல் காட்டுகிறார். தலையாட்டிவிட்டேன். அவரும் ஆட்டிவிட்டார். வணக்கம்.