கிளட்ச்சும் குளிக்கும் ஆயில்

வணக்கம். ஒருமுறை என் டர்ட் பைக்கில், அதாவது மண்ணிலும் சேற்றிலும் ஓட்டுகிற பைக்கில், கார் ஆயிலை ஊற்றிக்கொண்டு போனேன். மேட்டில் பாதி ஏறியதும் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. மட்டமான ஆயில் இல்லை, காருக்கு அருமையான ஆயில், விலையும் கூடுதல். வண்டிக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் ஊற்றினேன். அப்புறம் ஆயிலை இரண்டு முறை வடித்து மாற்றியும் வழுக்கல் நிற்காமல், கடைசியில் கிளட்ச் பிளேட்டுகளையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஏன் அப்படி என்றால், காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில், கை கியர் வண்டி என்றால் கிளட்ச் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். பிஸ்டனுக்குக் கீழே சுற்றுவதும், கியர் பற்களுக்கு நடுவே நசுங்குவதும், கிளட்ச் பிளேட்டுகள் குளிப்பதும் அதே ஆயிலில்தான். (ஹோண்டாவின் பழைய சிஆர்எஃப் மோட்டோகிராஸ் (மண் தடத்து ரேஸ்) வண்டிகள் சிலவற்றில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி ஆயில் இருந்தது. உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.) இன்ஜினுக்கு வழுக்கல் வேண்டும், கிளட்ச்சுக்குப் பிடிப்பு வேண்டும். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று கார் ஆயில்களில், அதிலும் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 மாதிரி இளகின ஆயில்களில், உராய்வைக் குறைக்கும் சரக்கைக் கலந்திருப்பார்கள். அது பிளேட்டுகளில் ஊறினால் கதை முடிந்தது.

அதனால் கடையில் டப்பாவைத் திருப்பி முதலில் தேட வேண்டியது ஜேஏஎஸ்ஓ என்ற முத்திரையை. அது ஜப்பான்காரர்களின் வாகனத் தரக் குறியீடு, அதில் இரு சக்கர வண்டிகளுக்கு என்றே தனி வகைகள் உண்டு. அதில் எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 என்று இருந்தால் ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது. எம்ஏ2-வில் பிடிப்பு இன்னும் கூடுதல், நான் வாங்குவது அதைத்தான். எம்பி என்று போட்டிருந்தால் அது உராய்வு குறைந்தது, கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு, டர்ட் பைக்குக்கு ஆகாது. முன்பக்கம் பெரிய எழுத்தில் 'ரேசிங்' என்று போட்டு தீப்பொறி பறக்கிற படம் இருக்கிறதே, அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

அடுத்தது டப்பாவில் போட்டிருக்கும் அந்த 10டபிள்யூ-40 சமாச்சாரம். டபிள்யூ ஒட்டிய எண் குளிரில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது, பின்னால் வரும் 40 நூறு டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதை. சூடானால் 10-லிருந்து 40-க்குக் கெட்டியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படி இல்லை, எந்த ஆயிலும் சூட்டில் இளகத்தான் செய்யும், இது கொஞ்சம் குறைவாக இளகும், அவ்வளவுதான். அந்தக் குணம் நீளமான பாலிமர் இழைகளால் வருகிறது. கியர் பற்கள் அந்த இழைகளைக் கத்தரித்துக்கொண்டே இருக்கும். 40 என்று ஊற்றியது கொஞ்ச நாளில் 30-க்கு இறங்கிவிடும். போதாக்குறைக்கு 250 சிசி மோட்டோகிராஸ் வண்டியில் மொத்த ஆயிலே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். காரில் மூன்று நான்கு லிட்டர் பகிர்ந்துகொள்கிற பாட்டை இங்கே ஒரு லிட்டர் படுகிறது, கிளட்ச் தூளையும் அதுவே சுமக்க வேண்டும்.

அதனால் சின்தெடிக்கா மினரலா என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. நல்ல சின்தெடிக் சூட்டை அதிகம் தாங்கும், உண்மைதான். ஆனால் விலை அதிகம் கொடுத்துவிட்டோமே என்று அதை இழுத்தடித்து ஓட்டுவதைவிட, முத்திரை சரியாக உள்ள நடுத்தர ஆயிலை வாங்கி சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவது மேல். எப்போது என்றால், கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கில் பாருங்கள். சேற்றில் ஒரு மணி நேரம் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து ஓட்டினால் கிலோமீட்டர் என்னவோ கொஞ்சம்தான் காட்டும். ரேஸ் வண்டிகளின் கையேட்டில் பத்து, பதினைந்து மணி நேரம் என்ற அளவில் இருக்கும், ரேஸுக்கு இல்லாமல் காட்டுப் பாதையில் ஓட்டும் சாதாரண டிரெயில் வண்டிக்கு இடைவெளி இதைவிட நீளம். புது இன்ஜின் என்றால் முதல் ஆயிலை மிகச் சீக்கிரமே மாற்றச் சொல்வார்கள், அதைத் தட்டாதீர்கள்.

சரி, மாற்றுவதற்கு வருவோம். இன்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்கக் கூடாது, கையில் பட்டால் தெரியும். வண்டியை நேராக நிறுத்துங்கள், பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்தால் ஒரு பக்கம் ஆயில் தேங்கிவிடும். டிரெயின் போல்ட்டை, அதாவது ஆயில் வடிக்கும் அடிப்பக்க போல்ட்டை, சுற்றி இருக்கும் மண்ணைத் துடைத்துவிட்டே கழற்றுங்கள். சில வண்டிகளில் போல்ட் முனையில் காந்தம் இருக்கும். அதில் மாவு மாதிரி கருப்புப் பசை ஒட்டியிருந்தால் கவலை இல்லை, நகம் அளவுக்கு இரும்புச் சில்லு இருந்தால் வண்டியை ஓட்டாமல் திறந்து பார்க்க வேண்டும். வடிந்த ஆயில் கறுத்திருப்பது வழக்கம்தான். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஆற்றில் இறக்கியதாலோ, தண்ணீர் பம்ப் சீல் போனதாலோ இருக்கும், ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிட முடியாது.

ஆயில் ஃபில்டரை மாட்டும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். ஒரு பக்கம் மட்டுமே துளை உள்ள ஃபில்டரைத் திருப்பி மாட்டினால் ஆயில் ஓட்டமே அடைபட்டு, சில நிமிடங்களில் இன்ஜின் போய்விடும். ஓ-ரிங்குக்கு (ரப்பர் வளையத்துக்கு) புது ஆயில் தடவி, டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, போல்ட்டை முதலில் விரலாலேயே முழுக்க ஏற்றுங்கள். இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பானர்), கையேட்டில் உள்ள எண். அலுமினிய மரை அது, பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். எனக்குப் போயிருக்கிறது, மரைக்குள் பதிக்கும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் போட்டுத்தான் மீட்டேன்.

அளவு பார்த்து ஊற்றி, மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து நேராக நிறுத்தி அளவு பாருங்கள். கூடுதலாக ஊற்றுவதும் தப்பு, ஆயில் நுரைக்கும், இன்ஜினின் மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வந்து விழும்.

டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு: உங்களுக்கு இரண்டு ஆயில். கியர்பாக்ஸ் ஆயிலில் கிளட்ச்சும் நனைவதால் மேலே சொன்னது அதற்குப் பொருந்தும். பெட்ரோலில் கலப்பது தனி டூ-ஸ்ட்ரோக் ஆயில், 40-க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி. இதை அதில் ஊற்றிவிடாதீர்கள், அதை இதில் ஊற்றிவிடாதீர்கள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயில் எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒரு டேப்பில் இன்றைய மணிக் கணக்கை எழுதி ஏர் ஃபில்டர் பெட்டியின் உள்பக்கம் ஒட்டி வைத்தால் அடுத்த முறை யோசிக்க வேண்டியதில்லை. வணக்கம்.