ஆட்டத்தை விட்டுப் போனவருக்கு 2035 வரைக்கும் சம்பளம்! பேஸ்பால் கான்ட்ராக்ட் கூத்து

[திரையில்: காலண்டர், ஜூலை 1 வட்டமிட்டு]

வருஷா வருஷம் ஜூலை 1-ம் தேதி வந்தா நியூயார்க் மெட்ஸ் டீம் ஒருத்தருக்குப் பணம் கட்டியாகணும். 11,93,248 டாலர் 20 சென்ட். அந்த 20 சென்ட்டைக்கூட விட்டுக்கொடுக்கல பாருங்க! வாங்குறவர் பேரு பாபி பொனீயா. வயசு அறுபதைத் தாண்டியாச்சு. மெட்ஸுக்காக அவர் கடைசியா மட்டையைத் தூக்கினது 1999-ல. ஆனா 2035 வரைக்கும் அவருக்குச் சம்பளம் போய்க்கிட்டே இருக்கும். அமெரிக்க ரசிகர்கள் இந்த நாளுக்கு 'பாபி பொனீயா டே'ன்னே பேரு வெச்சு, வருஷம் தவறாம கலாய்க்கிறாங்க.

வணக்கம் மக்களே! கிரிக்கெட் வீடியோன்னு நெனச்சு உள்ள வந்தவங்க, தயவுசெஞ்சு ஓடிடாதீங்க. ஐபிஎல் ஏலத்துல ரிஷப் பந்த்துக்கு 27 கோடி ரூபாய்னதும் வாயைப் பொளந்தோம்ல? இன்னைக்குப் பாக்கப்போற தொகைகளுக்கு முன்னாடி அது டீ காசு.

பின்னணியை வேகமா முடிச்சுடறேன். மேஜர் லீக், அதாவது அமெரிக்க பேஸ்பாலோட உச்ச லீக்ல 30 டீம். ஒரு சீசனுக்கு ஒரு டீம் 162 மேட்ச். வேர்ல்ட் சீரிஸ்ங்கிற ஃபைனல் முடிஞ்சதும் ஆள் பிடிக்கிற காலம் ஆரம்பம். ஏலம் கிடையாது, ஏஜென்ட் வெச்சு நேரடி பேரம். அவ்வளவுதான், போதும்.

பொனீயா கதைக்கு வருவோம். 2000-ம் வருஷம் மெட்ஸுக்கு அவர் வேண்டாம். ஆனா கான்ட்ராக்ட்ல 59 லட்சம் டாலர் பாக்கி. அவரோட ஏஜென்ட் என்ன சொன்னார்னா, "இப்பவே தர வேணாம். 8 சதவீத வட்டி போட்டு, 2011-லேர்ந்து 25 வருஷத்துக்குப் பிரிச்சுக் குடுங்க."

[திரையில்: கால்குலேட்டர்]

கால்குலேட்டரை எடுங்க. 59 லட்சம், 8 சதவீத கூட்டு வட்டி, 11 வருஷம். கிட்டத்தட்ட 1 கோடியே 37 லட்சம் ஆயிடும். அதை அதே வட்டியில 25 தவணையாப் பிரிச்சா ஒரு தவணை 11 லட்சத்து 93 ஆயிரம் சொச்சம். மாயமும் இல்ல, மந்திரமும் இல்ல, எட்டாம் கிளாஸ் கணக்கு. மொத்தமாக் கூட்டினா கிட்டத்தட்ட 3 கோடி டாலர்.

சரி, மெட்ஸ் ஓனர் எதுக்குத் தலையாட்டினார்? இங்கதான் ட்விஸ்ட். ஃப்ரெட் வில்பான் குடும்பம் பணத்தை ஒருத்தர்கிட்ட முதலீடு பண்ணி வெச்சிருந்தாங்க. காகிதத்துல அது 8 சதவீதத்தை விட நல்லாவே வருமானம் காட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த ஒருத்தர் யாரு தெரியுமா? பெர்னி மேடாஃப்! முதலீட்டு மோசடிக்காக 2008 டிசம்பர்ல உலகமே பாக்க கைதானாரே, அதே ஆளு. மேடாஃப் காட்டின வருமானம் கற்பனை. பொனீயாவோட வட்டி மட்டும் நிஜம்.

இதைப் பாத்துட்டு எல்லாரும் மெட்ஸை ஏமாளிம்பாங்க. நான் சொல்ல மாட்டேன். கையில இருந்த காசை அந்த வருஷம் டீம்ல போட முடிஞ்சுது, 2000 வேர்ல்ட் சீரிஸ் வரைக்கும் போனாங்க. யாங்கீஸ்கிட்ட தோத்தாங்கங்கிறது வேற விஷயம்.

இப்ப வாங்க, பெரிய மீனுக்கு.

[திரையில்: ஒடானி, டாட்ஜர்ஸ் நீலச் சட்டை]

2023 டிசம்பர். ஜப்பான் வீரர் ஷோஹெய் ஒடானி, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், 10 வருஷம், 70 கோடி டாலர். அன்னைக்கு ரேட்டுக்குச் சுமார் 5,800 கோடி ரூபாய். ஒரு ஐபிஎல் டீம் 2025-க்காக மொத்த ஆளையும் எடுக்க வெச்சிருந்த உச்சவரம்பே 120 கோடி!

ஆனா ஆடுற 10 வருஷமும் அவர் கைக்கு வர்றது வருஷத்துக்கு வெறும் 20 லட்சம் டாலர். மீதி? 2034-லேர்ந்து 2043 வரைக்கும் வருஷத்துக்கு 6 கோடியே 80 லட்சம். வட்டி? ஒரு சென்ட்கூடக் கிடையாது. பொனீயா கேட்டா மயக்கம் போட்டு விழுவார். 2024-ல ஒடானி 54 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சார், 59 பேஸ் திருடினார் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிக்கிறது). ஒரே சீசன்ல ரெண்டுலயும் 50-ஐத் தாண்டின முதல் ஆள் அவர்தான். அந்த வருஷம் அதே டீம்ல அவரை விட அதிகமா ரொக்கமா வாங்கினவங்க பல பேர் இருந்தாங்க.

ரசிகர்கள் கொந்தளிக்கிறது எதுக்குன்னா, லக்சரி டாக்ஸ். பேஸ்பால்ல டீம் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்ல. எவ்வளவு வேணா செலவு பண்ணலாம், ஆனா ஒரு கோட்டைத் தாண்டினா அபராதம். 2024-ல அந்தக் கோடு 23 கோடியே 70 லட்சம் டாலர். முதல் தடவை தாண்டினா 20 சதவீதம். தொடர்ந்து மூணாவது வருஷமும் தாண்டினா 50. கோட்டுக்கு மேல 6 கோடியையும் தாண்டிப் போற தொகைக்கு இன்னொரு 60. ஆக, அந்த உயரத்துல ஒரு டாலர் சம்பளம் கொடுத்தா 1 டாலர் 10 சென்ட் வரி. டாட்ஜர்ஸ் 2024-ல கட்டின வரி மட்டும் சுமார் 10 கோடியே 30 லட்சம். 2025-ல கிட்டத்தட்ட 17 கோடி. ரெண்டு வருஷமும் கோப்பை அவங்களுக்குத்தான்.

"70 கோடியை 10-ஆல வகுத்தா 7 கோடி. ஆனா வரிக் கணக்குல ஒடானிக்கு வருஷம் 4 கோடியே 60 லட்சம்தான் காட்டுறாங்க. ஏமாத்துறாங்க!" இதான் எல்லாரும் சொல்ற புகார்.

எனக்கு இதுல உடன்பாடு இல்ல. 2024-ல ஆடினதுக்கு 2034-ல வர்ற 6.8 கோடியை, வருஷத்துக்கு 4.43 சதவீதம்னு 10 வருஷம் பின்னாடி இழுத்துட்டு வாங்க. 4.41 கோடி. கையில குடுக்கிற 20 லட்சத்தைச் சேருங்க. 4.61. லீக் போட்ட கணக்கு இதுதான், இதுல எங்க ஓட்டை? ரொக்கமாவே கொடுத்திருந்தா ஒடானியோட கான்ட்ராக்ட் 46 கோடி சுத்திதான் இருந்திருக்கும், வரியும் அதேதான். 70 கோடிங்கிறது தலைப்புச் செய்திக்கான நம்பர். நிஜமான ராஜா 2024 டிசம்பர்ல மெட்ஸோட கையெழுத்துப் போட்ட ஹுவான் சோட்டோ. 15 வருஷம், 76 கோடியே 50 லட்சம், ஒரு டாலர்கூடத் தள்ளிப்போடல.

அதுவும் இல்லாம, தள்ளிப்போட்ட பணத்தை டாட்ஜர்ஸ் முன்கூட்டியே தனியா ஒதுக்கி வெச்சாகணும், அது விதி. 2001-ல அரிசோனா டைமண்ட்பேக்ஸ் இதே மாதிரி சம்பளத்தைத் தள்ளித் தள்ளிக் கோப்பை ஜெயிச்சு, அப்புறம் கடன்ல திணறினதை எல்லாரும் பாத்தாச்சே.

நிஜமா வயிறு எரியுறது கலிஃபோர்னியா அரசுக்கு. அங்க மாநில வருமான வரியே உச்சத்துல 13 சதவீதத்துக்கு மேல. ஆனா 1996-லேர்ந்து ஒரு மத்திய சட்டம் இருக்கு: தள்ளிப்போட்ட சம்பளத்தை 10 வருஷத்துக்குக் குறையாம சம தவணையா வாங்கினா, வாங்குற நேரத்துல குடியிருக்கிற மாநிலத்துக்குத்தான் வரி. 2034-லேர்ந்து 2043 வரைக்கும் விரல் விட்டு எண்ணுங்க. சரியா பத்து! ஒடானி அப்ப ஜப்பான் போயிட்டாலோ, மாநில வரியே இல்லாத ஃப்ளோரிடாவுக்குப் போயிட்டாலோ கலிஃபோர்னியாவுக்குப் பட்டை நாமம். அந்த மாநிலத்தோட நிதிக் கட்டுப்பாட்டு அதிகாரி மலியா கோயன் இந்தச் சட்டத்தை மாத்தச் சொல்லி அறிக்கையே விட்டாங்க.

எனக்குப் பிடிச்ச இன்னொரு ஷரத்து: டாட்ஜர்ஸ் ஓனர் மார்க் வால்டரோ, பேஸ்பால் பிரிவுத் தலைவர் ஆண்ட்ரூ ஃப்ரீட்மனோ பொறுப்பை விட்டுப் போனா, ஒடானி கான்ட்ராக்ட்டை உதறிட்டு வெளிய வரலாம். இது வரைக்கும் முதலாளிதான் தொழிலாளிக்கு நிபந்தனை போட்டுப் பாத்திருக்கோம்!

(இது வரைக்கும் பாத்துட்டு லைக் போடாம இருந்தீங்கன்னா, உங்களுக்கும் 2034-லதான் அடுத்த வீடியோ.)

இனிமே நான் கொஞ்சம் கத்தப்போறேன், வால்யூமைக் குறைச்சுக்கோங்க. எல்லாரும் ஒடானியைத் திட்டுற நேரத்துல, நிஜ அநியாயம் அடுத்த ரூம்ல நடக்குது.

[திரையில்: பால் ஸ்கீன்ஸ் பந்து வீசுறார்]

பிட்ஸ்பர்க் பைரேட்ஸோட பால் ஸ்கீன்ஸ். 2025-ல நேஷனல் லீக்ல (மேஜர் லீக்கோட ரெண்டு பிரிவுல ஒண்ணு) சிறந்த பிட்சருக்கான, அதாவது பந்து வீசுறவருக்கான சை யங் விருது, ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் இவருக்கே முதலிடம். அந்த வருஷச் சம்பளம் 8 லட்சத்து 75 ஆயிரம் டாலர். லீக்ல குறைந்தபட்சச் சம்பளமே 7 லட்சத்து 60 ஆயிரம்! போனஸ் கொஞ்சம் கிடைக்கும், இல்லேங்கல. ஆனா லீக்ல ஆறு வருஷ சர்வீஸ் முடிச்சாதான் ஒருத்தர் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த டீமோட வேணா பேரம் பேசலாம். ஸ்கீன்ஸுக்கு அது 2029 சீசனுக்கு அப்புறம். அது வரைக்கும் வேற டீம் பத்து மடங்கு தரேன்னாலும் போக முடியாது. பிட்சரோட தோள்பட்டை அது வரைக்கும் தாங்கணுமே சாமி.

இதுல ஒரு வருஷ சர்வீஸ்னா எத்தனை நாள்? 172. கிரிஸ் பிரையன்ட்னு ஒரு பையன். 2015-ல சீசனுக்கு முந்தைய பயிற்சி மேட்ச்கள்ல 9 ஹோம் ரன், வேற யாரும் அத்தனை அடிக்கல. ஆனா சீசன் ஆரம்பிக்கிறப்ப சிகாகோ கப்ஸ் அவரைக் கீழ்மட்ட லீகுக்கு அனுப்பிட்டாங்க, ஃபீல்டிங் இன்னும் தேறணுமாம். ரெண்டு வாரம்கூட ஆகல, ஏப்ரல் 17 அன்னைக்குக் கூப்பிட்டுக்கிட்டாங்க. அதுக்குள்ள ஃபீல்டிங் தேறிடுச்சு போல! சீசன் முடிவுல அவர் கணக்குல இருந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைச்சல். அதனால அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகுறது ஒரு முழு வருஷம் தள்ளிப்போச்சு.

நம்ம ஊர் கம்பெனிகள்ல 240 நாள் ஆகுறதுக்கு முன்னாடி கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு 'பிரேக்' குடுப்பாங்களே, அச்சு அசல் அதேதான். பிரையன்ட் அந்த வருஷம் சிறந்த புதுமுகம், அடுத்த வருஷம் எம்விபி (சீசனோட மிக மதிப்புள்ள வீரர்), 1908-க்கு அப்புறம் கப்ஸுக்குக் கிடைச்ச முதல் கோப்பையிலயும் இருந்தார். புகார் கொடுத்தார். 2020-ல நடுவர் தள்ளுபடி பண்ணிட்டார். இப்ப விதியைக் கொஞ்சம் திருத்தியிருக்காங்க: புதுமுக விருது ஓட்டெடுப்புல முதல் ரெண்டு இடம் வந்தா முழு வருஷம் குடுத்துடணும். மே மாசம்தான் மேல வந்த ஸ்கீன்ஸுக்குக்கூட அப்படித்தான் 2024 முழுசாக் கெடச்சுது.

டாட்ஜர்ஸை அடக்கணும்னு ஓனர்கள் கேக்குறது சாலரி கேப், அதாவது டீம் சம்பளத்துக்கு உச்சவரம்பு. என்னைக் கேட்டா, மேல மூடி போடறதுக்கு முன்னாடி கீழ தரை போடுங்க. 2015-க்கு அப்புறம் பிளேஆஃப் பக்கமே போகாம 2025-ஐயும் முடிச்ச பைரேட்ஸ் மாதிரி டீம், குறைஞ்சது இவ்வளவு செலவு பண்ணியே ஆகணும்னு விதி வரட்டும். வெறும் கேப் வந்தா மிச்சமாகுற காசு ஓனர் பாக்கெட்டுக்குத்தான் போகும், ஸ்கீன்ஸுக்குப் போகாது.

கேப் பேச்சை எடுத்தா என்ன ஆகும்னு ஏற்கனவே தெரியும். 1994 ஆகஸ்ட்ல வீரர்கள் ஸ்டிரைக். 232 நாள். அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸே நடக்கல. கடைசியில ஓனர்களுக்கு எதிராத் தடை உத்தரவு போட்டு ஆட்டத்தை மறுபடி ஆரம்பிக்க வெச்சது நியூயார்க்ல ஒரு மாவட்ட நீதிபதி, சோனியா சோட்டோமயோர். ஆமா, பின்னாடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனவங்களேதான்!

வீரர்கள் சங்கத்துக்கும் ஓனர்களுக்கும் இப்ப இருக்கிற ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைக்கும். போன தடவை முடிஞ்சப்ப மறுநாளே ஓனர்கள் வீரர்களை வெளிய வெச்சுக் கதவைப் பூட்டினாங்க (லாக்அவுட்), 99 நாள் திறக்கல. இந்தத் தடவை எத்தனை நாள் பூட்டுவாங்கன்னு கமென்ட்ல ஒரு நம்பர் போடுங்க. 'பூட்டவே மாட்டாங்க'ன்னு போடுறவங்க கமென்ட்டைப் பின் பண்ணி வெக்கிறேன், டிசம்பர் 2 காலையில பாத்துக்கலாம்.