ரோவன் மரத்துக்கு நேர் கீழே

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்திருக்கிறேன். என் பையில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டுமே அந்த ஊருக்குப் பக்கத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மேட்டு நிலப் பகுதியில் உள்ள ஒரே பாறைத் தொடரைப் பற்றியவை. ஒன்று 1950களில் அச்சானது, சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். இன்னொன்று அண்மையில் வந்தது, கல்யாண ஆல்பம் போலக் கனக்கிறது.

பாறையில் எங்கே ஏறலாம், எந்தப் பக்கமாக ஏறலாம், எவ்வளவு கடினம் என்று சொல்லும் வழிகாட்டி நூல்கள் இவை. பாறையில் கால் வைத்தே இராதவர்களுக்கும் நான் சொல்லப்போவது புரியும். ஊரில் வழி கேட்ட அனுபவம் இருந்தால் போதும்.

ஊரில் ஒரு டீக்கடையில் வழி கேட்கிறீர்கள். "நேராகப் போங்கள், ஒரு ஆலமரம் வரும், அதைத் தாண்டினால் பிள்ளையார் கோயில், அதற்குப் பின்னால் மூன்றாவது வீடு" என்கிறார் கடைக்காரர். இன்று அதே வழியைக் கைபேசி ஒரு நீலக் கோடாகக் காட்டிவிடுகிறது. பழைய புத்தகம் டீக்கடைக்காரரைப் போல வாயால் வழி சொல்லும். புதிய புத்தகத்தில் பாறையின் வண்ணப் படம் இருக்கும். அதன் மேல் கோடுகள், கோட்டுக்கு ஒரு எண், பக்கத்தில் வழி எவ்வளவு அருமை என்று காட்டும் நட்சத்திரங்கள்.

நீலக் கோடு தவறாது. ஆலமரம் விழுந்துவிட்டால் டீக்கடைக்காரர் சொன்ன வழி என்ன ஆகும்? எனக்கு அப்படித்தான் நடந்தது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஷெஃபீல்டில் பழைய பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் அந்தச் சின்னப் புத்தகம் கிடைத்தது. துணி அட்டை, மூலைகள் தேய்ந்திருந்தன. யாரோ ஒருவர் தாம் ஏறிய வழிகளுக்கெல்லாம் பென்சிலால் குறியிட்டு, பக்கத்தில் தேதியும் எழுதியிருந்தார். ஒரு வழிக்கு எதிரே மட்டும் கூடுதலாக மூன்று சொற்கள் இருந்தன: "ஈரம். காலுறையோடு. 1961." ஈரப் பாறையில் ரப்பர் ஷூ வழுக்கும் என்பதால் அந்தக் காலத்தில் அதன் மேல் கம்பளிக் காலுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். அந்த மூன்று சொற்களும் என்னை விடவில்லை. யாரோ ஒருவர் மழையில் நனைந்துகொண்டே ஏறிய அந்த வழியில் நானும் ஏற வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அந்த வழியைப் பற்றிப் புத்தகம் சொன்னது இவ்வளவுதான். அறுபது அடி உயரம். ரோவன் மரத்துக்கு நேர் கீழே உள்ள விரிசலில் தொடங்க வேண்டும். பாதி உயரத்தில் இடது கையை உள்ளே திணித்து இறுக்கிக்கொள்ள வேண்டும். மேலே போனதும் மரத்தில் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம். நானும் அந்த ஊர்க்காரரான என் நண்பரும் முக்கால் மணி நேரம் பாறையடியில் மேலும் கீழுமாக நடந்தோம். ரோவன் மரமே இல்லை. புதிய புத்தகத்தைத் திறந்தோம். அதில் அந்த வழியே இல்லை. இடப்பக்கத்து வழிக்கு ஒரு கோடு, இரண்டு நட்சத்திரங்கள். வலப்பக்கத்து வழிக்கு ஒரு கோடு, ஒரு நட்சத்திரம். இரண்டுக்கும் நடுவில், எங்கள் விரிசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், பக்கத்து வழியின் எண்ணைத் தாங்கிய வெள்ளை வட்டம் ஒன்று அச்சாகியிருந்தது.

நண்பர் பின்பக்கமாகச் சுற்றி உச்சிக்குப் போய், விளிம்பில் இருந்த புதரை விலக்கிப் பார்த்தார். அங்கே இருந்தது ஒரு மொட்டை வேர். என் மணிக்கட்டுப் பருமன், சாம்பல் நிறம், இரும்பு போல உறுதி. அதைச் சுற்றிலும் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். கயிறு உரசி உரசி விழுந்த பள்ளம் அது. அதற்கு நேர் கீழே பார்த்தால் விரிசல். பாசியும் மண்ணும் அடைத்துக்கொண்டிருந்ததால் கீழேயிருந்து பார்த்தவர்கள் கண்ணுக்கு அது விரிசலாகவே தெரிந்திருக்காது.

இரண்டு வாரம் கழித்து, வெயில் காய்ந்த ஒரு நாளில் அதில் ஏறினோம். பாதி உயரத்தில் இடது கையைத் திணித்தேன். மண்ணுக்குப் பின்னால் கை கச்சிதமாகப் பொருந்தியது. புத்தகம் சொன்ன இடம் அதுவேதான்.

இதில் நான் சொல்ல வருவது ஒன்றுதான், வானொலியில் பேசுவதால் இரண்டு முறை சொல்கிறேன். புத்தகத்திலிருந்து விழுந்த வழி பாறையிலிருந்தும் மறைந்துவிடும். நட்சத்திரம் போட்ட வழியில் கூட்டம் நிற்கிறது, கால்பட்டுக் கால்பட்டுக் கல் வழவழப்பாகிறது. நட்சத்திரம் இல்லாத வழியில் யாரும் ஏறுவதில்லை, பாசி பிடிக்கிறது. அடுத்த பதிப்பைத் தயாரிப்பவர் பாசியைப் பார்த்துவிட்டு அதை விட்டுவிடுகிறார். ஆம், புத்தகத்திலிருந்து விழுந்த வழி பாறையிலிருந்தும் மறைந்துவிடும். அதனால்தான் புதியது வந்த பிறகு பழையதைத் தூக்கிப் போடாதீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கெஞ்சுகிறேன்.

இந்தப் புத்தகங்களின் வரலாறு இங்கிலாந்தில் வடக்கே லேக் டிஸ்ட்ரிக்ட்டில் தொடங்குகிறது. கிரேட் கேபிள் என்ற மலையின் சரிவில் நேப்ஸ் நீடில் என்று ஊசி போல நிமிர்ந்து நிற்கும் ஒரு பாறை உண்டு. 1886இல் ஹாஸ்கெட் ஸ்மித் என்பவர் தனியாக, கயிறும் இல்லாமல் அதில் ஏறினார். உச்சி தட்டையாக இருக்குமா, கால் ஊன்ற முடியுமா என்று தெரிந்துகொள்ள முதலில் கீழேயிருந்து கற்களை எறிந்து, மேலே தங்குகின்றனவா என்று பார்த்தார். ஏறியதற்கு அடையாளமாகத் தம் கைக்குட்டையை உச்சியில் விட்டுவந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1936இல் மீண்டும் அதே ஊசியின் மேல் ஏறினார். அவர் 1894இல் வெளியிட்ட சிறு நூலில் இடங்களும் வழிகளும் அகராதி போல அகர வரிசையில் இருந்தன. கடினத்துக்கு அளவுகோல் எதுவும் அதில் இல்லை.

அளவுகோலைத் தந்தவர் ஓவன் கிளின் ஜோன்ஸ், லண்டனில் இயற்பியல் கற்பித்த ஆசிரியர். 1897இல் வந்த தம் நூலில் வழிகளை நான்காகப் பிரித்தார்: எளிது, மிதமானது, கடினம், மிகமிகக் கடுமையானது. இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் ஏறும்போது விழுந்து இறந்துபோனார். அவருடைய சொற்கள் மட்டும் நிலைத்துவிட்டன. இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது.

ஜோன்ஸ் காலத்தில் "கடினம்" என்றால் உண்மையிலேயே கடினம். காலில் ஆணி அடித்த பூட்ஸ், இடுப்பில் நேராகக் கட்டிய சணல் கயிறு. முதலில் ஏறுபவர் விழுந்தால் கயிறு அறுந்துபோகலாம், அறாமல் போனால் இடுப்பு முறியலாம். அதனால் முதலில் ஏறுபவர் விழக்கூடாது என்பதே அன்று விதி. பிறகு வந்தவர்கள் இன்னும் கடினமானவற்றில் ஏறினார்கள். பழைய பெயர்களை யாரும் மாற்றவில்லை, மேலே மேலே புதிய பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். மிகக் கடினம், கடுமை, மிகக் கடுமை, அதிதீவிரம். கடைசியில் சொல் தீர்ந்துபோய், அதிதீவிரத்துக்குள்ளேயே, அதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை வைத்து, இ1, இ2 என்று எண் போட்டு, இன்று இ12 வரை வந்திருக்கிறார்கள். அதனால்தான் இங்கிலாந்தில் இன்று "கடினம்" என்று குறிக்கப்பட்ட வழியில் முதல் நாள் வந்த சிறுவர்கள் ஏறுகிறார்கள்.

ஆனாலும் பழைய புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் சணல் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச உயரத்துக்கு ஒரு முறை நின்று கயிற்றைக் கட்டு, அடுத்தவரை மேலே வரவிடு என்று அந்தப் புத்தகம் சொல்வதும் அந்தக் கயிற்றுக்காகத்தான். பிறகு நைலான் கயிறு வந்தது. 1970களின் இறுதியில், விரிசலுக்குள் செருகினால் விரிந்து பிடித்துக்கொள்ளும் கருவிகள் வந்தன. புதிய புத்தகம் அந்த நிறுத்தங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. பழைய புத்தகத்தில் நான்கு நிறுத்தம் உள்ள வழி இன்று இரண்டில் முடிகிறது. கல் மாறவில்லை, பயம்தான் குறைந்திருக்கிறது.

பீக் டிஸ்ட்ரிக்ட் பாறைக்குக் கிரிட்ஸ்டோன் என்று பெயர். நம் அம்மியைக் கொத்தியதும் எப்படிக் கையைச் சுரண்டுமோ அப்படிச் சுரண்டும். திரிகைக் கற்களை இந்தக் கல்லில்தான் வெட்டினார்கள். ஸ்டானேஜ் பாறைத் தொடருக்குக் கீழே, வெட்டி முடித்தும் எடுத்துப் போகாத பெரிய வட்டக் கற்கள் இன்றும் புல்லில் சாய்ந்து கிடக்கின்றன. நேரமிருந்தால் அவற்றைப் பற்றித் தனியாகவே பேசலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். புதிய புத்தகத்தை உயர்த்திச் சொல்ல ஒன்று வைத்திருந்தேன், அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

புதிய புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வண்ணப் படம் அல்ல. ஒவ்வொரு பாறைக்கும் முன்னால், எங்கே வண்டியை நிறுத்தலாம், யாருடைய நிலம், எந்த மாதங்களில் ஏறக்கூடாது என்று ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்திதான் பிடிக்கும். முன்பு இந்த மேடுகளில் பல, பறவை வேட்டைக்காக அடைத்து வைத்த தனியார் நிலம், காவலாள் துரத்துவார். 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி நடந்தார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். திறந்த மேட்டு நிலத்தில் நடக்கும் உரிமையை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தந்த சட்டம் 2000இல்தான் வந்தது.

இப்போது இன்னொரு தடை இருக்கிறது, அதை நான் மனதார ஏற்கிறேன். பைரி என்னும் வேட்டைப் பறவை கூடு கட்டும் பாறைகளிலும், மார்பில் வெள்ளைப் பிறை கொண்ட ரிங் ஊஸல் என்னும் பறவை முட்டையிடும் இடங்களிலும் இளவேனிற்காலத்தில் யாரும் ஏறக்கூடாது. பழைய புத்தகத்தில் இதெல்லாம் இல்லை. போன ஏப்ரலில், எங்கள் ரோவன் வேருக்கு இரண்டு பாறை தள்ளி, ஏறக்கூடாது என்று ஒரு பலகை வைத்திருந்தார்கள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டோம். ஆகஸ்டில் மறுபடி போனோம், பலகையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.