பரணிலிருந்து இறங்கிய பெட்டி: ஆவணக் காப்பகத்தில் களப்பயிற்சி

(காட்சி: மேசை மேல் துருப்பிடித்த தகரப்பெட்டி. பக்கத்தில் மெல்லிய தூரிகை, பென்சில்.)

நூலகவியல் மாணவர்களுக்குக் களப்பயிற்சி என்றால் பெரும்பாலும் புத்தக முதுகில் எண் ஒட்டுவதும் கவுன்டரில் உட்காருவதும்தான். பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போட்டால் கதையே வேறு. இங்கே வந்து சேர்வது புத்தகமே அல்ல.

இந்தப் பெட்டி திருவையாறு பக்கம் ஒரு மிராசுதார் வீட்டுப் பரணிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் மற்ற அலமாரிகளோடு சேர்க்கக் கூடாது. ராமபாணப் பூச்சியும் சேர்ந்து வந்திருக்கும். தனி அறையில் சில நாள் வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே.

(காட்சி: பெட்டி திறக்கிறது.)

குத்தகைக் கணக்கு நோட்டு, நிலப் பத்திரங்கள், கடுதாசிக் கட்டு, ஒரு மொய் நோட்டு. பயிற்சிக்கு வந்தவரின் கை உடனே துடிக்கும்: பத்திரமெல்லாம் ஒரு பக்கம், கடுதாசியெல்லாம் ஒரு பக்கம் அடுக்கிவிடலாமே? வேண்டாம்.

மொய் நோட்டைப் பிரித்தால் நடுவில் மடித்து வைத்த அடமானப் பத்திரம் ஒன்று. கல்யாணச் செலவுக்கு மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் அடகு போயிருக்கலாம். மொய்ப்பணம் அந்தக் கடனை அடைக்கப் போயிருக்கலாம். பத்திரத்தை உருவி வேறு கோப்பில் போட்டுவிட்டால், அப்படி ஒரு கேள்வியே இனி யாருக்கும் தோன்றாது. எது எதோடு வந்ததோ அந்த வரிசையைக் காப்பதற்கு மூல ஒழுங்கு என்று பெயர். அதனால் எதையும் தொடும் முன் போட்டோ. அப்புறம் பென்சிலில் வரிசை எண். பேனா இந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது.

கையுறை? வீடியோக்களில் பார்த்த வெள்ளைக் கையுறையை மறந்துவிடுங்கள். காகிதத்துக்குக் கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது; உறை போட்ட விரலுக்கு ஓரம் தெரியாது, கிழித்துவிடும். போட்டோக்களைத் தொடும்போது மட்டும் உறை. துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள், காகிதமும் கூடவே வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறிய தாளை வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள்.

(காட்சி: கணக்கு நோட்டின் முதல் பக்கம். 'பசலி 1362'.)

பயிற்சி மாணவர் தடுக்கி விழும் இடம் இதுதான். பட்டியலில் '1362' என்று அப்படியே ஏற்றிவிடுவார். கி.பி. 1362இல் கோடு போட்ட நோட்டு ஏது? பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு. அதோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆண்டு கிடைக்கும். ஆக, இது 1952 ஜூலை முதல் 1953 ஜூன் வரை.

1952 இந்த மண்ணில் சாதாரண ஆண்டல்ல. தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த ஆண்டு. நவம்பர் 30 அன்று நாகப்பட்டினம் பக்கம் பெரும்புயல் வேறு. நோட்டில் குத்தகை நெல் குறைந்திருந்தால் காரணம் சட்டமா, புயலா? ஆராய்ச்சியாளர் பார்த்துக்கொள்ளட்டும். ஆண்டு தப்பாக ஏறியிருந்தால் அவர் இந்த நோட்டைத் தேடியே வரமாட்டார்.

நில அளவும் அப்படித்தான். 20 மா ஒரு வேலி; ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். டெல்டாப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், தாத்தா இன்னும் மாக்கணக்கில்தான் பேசுவார். பட்டியலில் மூலத்தில் உள்ளபடி 'மா' என்றே எழுதுங்கள்.

கட்டுக்குள் ஓலைச்சுவடியோ, மராத்தியை எழுதப் பயன்பட்ட பழைய மோடி எழுத்தோ தென்பட்டால் ஊகித்து எழுதாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். தஞ்சாவூரில் அதற்குப் பஞ்சமில்லை: தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கென்றே துறை உண்டு, சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முழுக்க ஸ்கேனர் முன்னால் உட்கார வைத்துவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் இடங்களும் உண்டு. அது பயிற்சியே இல்லை, கூலியில்லாத வேலை. ஒரே ஒரு கட்டு போதும். வரவுப் பதிவேட்டில் ஏற்றுவதிலிருந்து பட்டியல் எழுதி முடிப்பது வரை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்குங்கள்.

(காட்சி: திரையில் பென்சில் கையெழுத்து. குரல் அதை வாசிக்கிறது.)

"எண் 15: மொய் நோட்டு. எண் 15அ: நோட்டின் நடுவே மடித்திருந்த அடமானப் பத்திரம். பிரித்து அடுத்த உறையில் வைக்கப்பட்டுள்ளது."